சிலிண்டரின் கழுத்தில் ஒரு குமிழி

அண்ணனுக்கு இருந்த கெடு புதன்கிழமை காலை எட்டு மணி. அதற்குள் வண்டி விஷயம் உறுதியானால் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். இல்லையென்றால் வெளியூரில் அவன் வேலை பார்க்கும் கான்கிரீட் கம்பெனியின் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே கலவை லாரி ஓட்டுவான். கையெழுத்துப் போட்டபின் நடுவில் விட்டு வர முடியாது. போன தடவை அவன் வந்தபோது அவன் மகள் பாப்பாவுக்குப் பல் முளைத்திருக்கவில்லை. இப்போது வாய் நிறையப் பல், வாய் நிறையப் பேச்சு.

இங்கே சரக்கு ஏற்றிப் பிழைக்கச் சொந்த வண்டி வேண்டும். பெட்ரோலில் ஓட்டினால் கிடைப்பதெல்லாம் பெட்ரோலுக்கே போய்விடும். அதனால் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றிய பழைய பிக்கப் ஒன்றைத் தேடச் சொன்னான். நானும் அண்ணியும் பதினோரு வண்டி பார்த்தோம். பன்னிரண்டாவது, தண்ணீர் கேன் போடுகிறவருடைய வெள்ளை பிக்கப். பார்த்தவுடன் அண்ணிக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

சோதித்துப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பகலில் நான் மருந்துக் கடையில் நிற்கிறேன். மாலையில் ஏசி பழுதுபார்க்கும் வகுப்பு. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. குழாயில் கேஸ் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க மட்டும் தெரியும். அதுவாவது ஒழுங்காகத் தெரியுமா என்று எனக்கே சந்தேகம். ஆனால் அண்ணன் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான்: "நீ பார்த்தாப் போதும் வாண்டு. நீ சரின்னா சரி."

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கேன்காரரின் கிடங்குக்குப் போனோம். சோப்புத் தண்ணீர் டப்பாவும் பிரஷ்ஷுமாக நான் குனிந்ததைப் பார்த்து அவர் சிரித்தார்.

"என்னம்மா, வண்டிக்குச் சவரம் பண்ணப் போறியா?"

"அவ அப்படித்தாங்க," என்றாள் அண்ணி. "நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் சோப்புத் தண்ணி தடவித்தான் பார்ப்பா."

சொல்லிவிட்டு அண்ணி வண்டியில் ஏறி, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு பழையபடி வைத்தாள். "இங்க நான். நடுவுல பாப்பா," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். நான் வேலையை முடிக்கும்வரை அவள் இறங்கவே இல்லை.

கேஸ் குழாயில் மொத்தம் எட்டு இணைப்பு. எஞ்சின் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் தடவி, அறுபது எண்ணி, துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஏழும் சுத்தம். எட்டாவது, பின்தட்டில் படுத்திருக்கும் சிலிண்டரின் கழுத்து, வால்வைத் திருகி வைத்திருக்கும் இடம். அங்கே கடுகளவு ஒரு குமிழி நின்றது.

என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: நுரைக் குமிழி சுருங்கும், கசிவுக் குமிழி வளரும். ஆகவே அறுபது எண்ணியிருக்க வேண்டும். இருபதுகூட எண்ணியிருக்க மாட்டேன்.

"எல்லாம் சரிதானே?" என்று உள்ளேயிருந்து அண்ணி கேட்டாள். ஒரே பதிலுக்குத்தான் அந்தக் குரலில் இடம் இருந்தது.

"சரிதான்," என்று சொல்லித் துணியால் துடைத்துவிட்டேன்.

அண்ணி அங்கேயே போன் போட்டாள். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நிஜமா சரியா?" என்றான். "சரிதாண்ணா" என்றேன். அவன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. "வந்ததும் பாப்பாவை முன்னாடி உக்கார வச்சு ஊரையே ஒரு சுத்து சுத்தணும். மத்ததெல்லாம் அப்புறம்."

அன்று வகுப்பில் எனக்குக் கொடுத்த செம்புக் குழாயில் ஒரு ஓட்டை இருந்தது. குமிழி வளர்ந்தது, உடைந்தது, மறுபடி வளர்ந்தது. அடுத்த மேசைப் பையன் "போதும், கண்டுபிடிச்சாச்சு" என்று சொன்ன பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய துணியெல்லாம் கட்டிலில் கிடந்தது. "அவருக்கு இந்தத் தட்டு போதுமில்ல?" என்று கேட்டாள். "போதும்" என்றேன். அன்றைக்கு நான் அண்ணிக்குச் சொன்ன இரண்டாவது பதிலும் அவளுக்குப் பிடித்த பதில்தான்.

மறுநாள் விடிந்ததும் அடுப்படிக்குப் போனேன். அண்ணி டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நேத்து கழுத்துக்கிட்ட ஒரு குமிழி பார்த்தேன். சொல்லலை."

அவள் திரும்பவில்லை. "ஏன் சொல்லலை?"

"அது நுரையாக்கூட இருக்கலாம். எனக்கு உறுதியாத் தெரியல." நிறுத்திவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். "எனக்கும் அண்ணன் வரணும், அண்ணி."

அவள் அடுப்பை அணைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "வா, போய்ப் பார்த்துடலாம்."

கிடங்கில் ஆறரைக்கெல்லாம் கேன் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். நான் பின்தட்டில் ஏறிச் சிலிண்டரின் கழுத்தில் சோப்புத் தண்ணீர் தடவினேன். அண்ணி பாப்பாவோடு பக்கத்தில் நின்றாள். கடுகளவு வந்தது. நான் சத்தமாக எண்ணினேன். முப்பதில் பட்டாணி அளவு. ஐம்பதில் திராட்சை அளவு. அப்புறம் உடைந்தது.

"அத்தை, சோப்பு முட்டை!" என்று தூக்கம் கலைந்த பாப்பா கை தட்டினாள். "இன்னொண்ணு!"

"நல்லாத் துடைச்சுட்டு இன்னொரு தடவை பாரு," என்றாள் அண்ணி.

துடைத்துவிட்டுத் தடவினேன். வந்தது. மூன்றாவது தடவை அண்ணியே பிரஷ்ஷை வாங்கித் தடவினாள். கடுகு கிளம்பியதும் விரலால் உடைத்தாள். மறுபடி கிளம்பியது. மறுபடி உடைத்தாள். பாப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கேன்காரர் வந்து எட்டிப் பார்த்தார். காதில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மூணு வருஷமா இதுல சாஞ்சுக்கிட்டுதான் பத்த வச்சிருக்கேன்," என்றார் மெல்ல. பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "வேற சிலிண்டர் போட்டுத் தரேம்மா. சோதனை முடிஞ்சு, சரியா இருக்குன்னு சீட்டு வாங்க ஒன்றரை மாசம் ஆகும். பொறுத்துக்குவீங்களா?"

"எங்களுக்கு எட்டு மணி வரைக்கும்தாங்க நேரம் இருக்கு," என்றாள் அண்ணி.

வண்டி வரும் என்று நம்பி அண்ணனை இப்போதே வரச் சொல்லவும் முடியாது. இதற்கு முன் ஒரு தடவை கையில் வண்டி இல்லாமல் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு வந்த அண்ணன், ஐந்து மாதம் வேலையில்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த ஐந்து மாதத்தை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

"அண்ணன்கிட்ட நான் பேசறேன் அண்ணி. தப்பு என்னோடது."

"வேணாம். நீ சொன்னா, அடிச்சுப் பேசி உன்னையே சந்தேகப்பட வச்சிடுவார். நீயும் சந்தேகப்படுவே."

உண்மைதான். பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் காலி கேன் அடுக்குகளுக்குப் பின்னால் போனாள். மணி ஏழு இருபது. அவள் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது.

"என்னங்க... வண்டி வேணாங்க... இல்ல, அவ நல்லாத்தான் பார்த்தா. அதனாலதான் வேணாங்கறேன்... கேளுங்க. இதுல பாப்பாவை உக்கார வைக்க முடியாது."

பாப்பா என் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக் காற்றில் தடவிக்கொண்டிருந்தாள்.

"ம்... ம்... போடுங்க. ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம்... சாப்பிட்டாச்சு, எல்லாரும் சாப்பிட்டாச்சு... சே, அழலைங்க. இங்க கேன்ல தண்ணி பிடிக்கிறாங்க, அந்தச் சத்தம்."

கிடங்கில் அப்போது எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை.