சித்தீக்கின் மஞ்சள் உள்ளங்கைக்கு ஒரு விளக்கம்

அன்று திங்கட்கிழமை. வீட்டில் இருந்தவர்கள் மூவர். ஃபேனுக்கு நேர் கீழே, வீட்டின் ஒரே நாற்காலியில் மாமனார் ஜெய்னுலாபுதீன். தரையில், அரிசி டின்னை மேசையாக்கிக்கொண்டு, தாளும் பேனாவுமாக அவர் மகள் ஷமீரா. கட்டில் ஓரத்தில் அவள் கணவன் சித்தீக், உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் ஒளித்தபடி.

ஒளிக்காமல் என்ன செய்வான்? இரண்டும் பழுத்த பறங்கிக்காய் நிறத்தில் இருந்தன. கத்தார் வேலைக்கான மெடிக்கலில் டாக்டர் அதைப் பார்த்து, காமாலையோ என்று ஃபைலை நிறுத்திவிட்டார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. கண்ணும் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. ஆனாலும் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, திருச்சி ஏஜென்ட் அஸார் மூலமாக அனுப்ப வேண்டுமாம். வரும் வெள்ளியோடு விசா காலாவதி.

காரணம் இதுதான். போன தடவை வளைகுடாவுக்குக் கட்டிடக் கம்பி கட்டப் போனவன் முகம் கருகித் திரும்பினான். பிறகு செல்போனில் ஒரு கட்டுரை சிக்கியது. கேரட், பப்பாளியில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் தோலில் படிந்து, வெயிலின் கேட்டைக் கொஞ்சம் தடுக்கும் என்று. அந்தக் 'கொஞ்சம்' மட்டும் அவன் கண்ணில் படவில்லை. நான்கு மாதம் மாடு வைக்கோல் தின்பதுபோலத் தின்றான்.

"கண் பார்வைக்குத் தின்னேன்னு எழுதிடு புள்ள. அழகுக்குன்னு எழுதினா அஸார் ஆபீஸையே கூட்டி வச்சுப் படிச்சுக் காட்டுவான்."

"கண்ணுன்னா கண் டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க மச்சான். அதுக்கு ஒரு வாரம். வெள்ளிக்கிழமை உங்களுக்காக நிக்குமா?"

"எழுதச் சொல்லுங்க மாப்ள," என்றார் மாமனார். "மானம் போனா மெல்ல சம்பாதிச்சுக்கலாம். விசா போனா நீங்க இங்கேயேதான் இருப்பீங்க. இருக்கிறது ஒரு நாற்காலி."

சித்தீக் கைகளை வெளியே எடுத்தான். "எழுது."

'தினமும் முக்கால் கிலோ கேரட், அரைப் பப்பாளி, ஒரு கீற்று பறங்கிக்காய். நோக்கம்: முகம் கருக்காமல் இருக்க. நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது. நிறம் இறங்கி வருகிறது.'

"முகம்னு வேணாம், தோல்னு போடேன்."

"கை காலுக்கு நீங்க பவுடர் பூசி நான் பார்த்ததில்லையே."

முகம் என்றே நின்றது.

நாகூர் தபாலாபீசில் உறையை ஒட்டப் போனவன், தாளை மறுபடி உருவி, அடியில் தன் கையாலேயே எழுதினான்: 'பி.கு.: இவ்வளவும் தின்றதற்கு இனி வெயில் தாங்குமா தாங்காதா என்பதையும் டாக்டர் அவர்கள் தெரிவிக்கவும்.'

பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி, ஸ்பீட் போஸ்டில் கொடுத்துவிட்டு வந்தான்.