ஸ்வெட்டருக்கு முந்நூறு கிராம்

சாராள் டப்பாவின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்குப் பேரு மாம்பழமா தம்பி? காவேரிப்பட்டினத்துக்காரிகிட்டயே விக்கறீங்களா?"

கடைக்காரர் விஜயகுமார் சிரித்துவிட்டார். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜிம்முக்குப் போகிறவர்கள் பவுடர் வாங்கும் கடை அது. சுவர் முழுக்கக் கறுப்பு டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் தலையில்லாத ஓர் உடம்பு, வெறும் தசை.

"யாருக்குண்ணா, உங்களுக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குத்தான்," என்றாள் சாராள். "ஒரு நாளாவது இவரத் தூக்கிப் போட்டு அடிக்கணும்."

விஜயகுமார் அப்போதுதான் முடி கொட்டிய அவள் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். என் கையிலிருந்த பெரிய டப்பாவை மெதுவாக வாங்கிக்கொண்டார். "இது வேணாங்க்கா. இதுல பாதி சர்க்கரை. வெயிட்டு ஏறும், சதை ஏறாது. பால்லேருந்து எடுக்கற வே புரோட்டீன் எடுத்துக்குங்க." அதில் சாக்லேட், வெனிலா இரண்டும் இருந்தன. அவள் சாக்லேட்டைத் தொட்டாள். நாங்கள் சேர்ந்து சிரித்துக்கொண்டு வாங்கிய கடைசிப் பொருள் அது.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். தசை கரைகிறது. முட்டையோ பருப்போ பவுடரோ, எது உள்ளே இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். எடை குறைந்தால் மட்டும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே கூட்டி வாருங்கள்.

அதனால் ஓர் எடை மெஷினும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் புறப்படும் முன் அவள் அதில் ஏற வேண்டும். மத்திகிரியில் எங்கள் வாடகை வீடு காலையில் ஈரமாகக் குளிரும். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னால், "குளிருதுங்க, அதையும் சேத்தே பாத்துக்குங்க" என்பாள். நான் விடுகிறவனா? முதல் வாரமே ஸ்வெட்டரை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். முந்நூறு கிராம். வாராவாரம் அதைக் கழித்துத்தான் நோட்டில் எழுதினேன். நாற்பத்திரண்டு புள்ளி ஒன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு புள்ளி இரண்டு. அவள் கைகளை ஸ்வெட்டர் பைக்குள் விட்டபடி ஏறுவாள், நான் குனிந்து எண்ணைப் படிப்பேன். தலைக்கு மேலிருந்து, "ஏறியிருக்கா?" என்பாள். ஏறியிருக்கு என்பேன். இரண்டாவது டப்பா வாங்கப் போனபோது விஜயகுமாரிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

கன்னம் ஒட்டுவதைப் பார்த்தேன். வளையல் முழங்கைவரை போய் வருவதையும் பார்த்தேன். எண்ணை நம்பினேன்.

ஏழு வாரம் கழித்து, கொடுத்த தேதியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று சாராள் ஸ்வெட்டர் எடுத்து வரவில்லை. நர்ஸ் நாற்பது புள்ளி எட்டு என்று எழுதினாள்.

"நேத்துதாங்க பாத்தேன், நாப்பத்திரண்டு புள்ளி நாலு. உங்க மெஷின் தப்பு," என்றேன்.

"மெஷின் சரியாகே இதெ சார்," என்றாள் அவள் கன்னடத்தில், மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்று, பொறுமையாக. நான் கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாராள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க. எல்லா மெஷினும் ஒண்ணு மாதிரியே இருக்குமா?"

ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள் அவள். மயிரிழை கூடினாலும் பீஸைத் திருப்பி அனுப்புவாள். அவள் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்ததே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. "ஏன் முன்னாடியே வரல?" என்று மட்டும் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பதினெட்டு நாள்.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம், அவள் தங்கை லிபியாவுக்குக் கொடுக்கலாம் என்று ஸ்வெட்டரை எடுத்தேன். கனத்தது. இரண்டு பைகளிலும் கைக்குட்டையில் இறுக்கி முடிந்த பொட்டலம். ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்பு புஷ், தடித்த வளையம் போல. அவள் கம்பெனியில் கழித்துப் போட்டவை. எங்கள் சமையலறை ஜன்னலில், தட்டு மூடியின் மேல் பாரம் வைக்க வருடக்கணக்காகக் கிடந்தவை. அவை அங்கே இல்லாததை நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பயந்து செய்தாளா, குனிந்து படிக்கும் என் முகத்துக்காகச் செய்தாளா? கேட்க ஆள் இல்லை. லிபியா கேட்டபோது, "ஸ்வெட்டர் தொலைஞ்சு போச்சும்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பொட்டலங்கள் பையிலேயே இருக்க, அதைப் போட்டுக்கொள்கிறேன். தோளில் பிடிக்கிறது. கைகளைப் பைக்குள் விட்டு மெஷினில் ஏறுகிறேன். பிறகு கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறேன். நோட்டில் கழித்துப் பார்க்கிறேன். என் எடை மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்வெட்டருக்கு முந்நூறு கிராம் போக மீதி, ஒரு கிலோ அறுநூறு. இந்த வாரமும் அதேதான்.