லொரெட்டாவின் கணக்கு

காலாண்டு முடிய மூன்று நாள் இருந்தது. ருமேனியாவின் புக்கரெஸ்டில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், இலின்கா நாற்பது பேருக்குத் தோழியாக இருந்தாள். அதுதான் அவள் வேலை. நாற்பது பேரும் கைப்பேசியில் சூதாட்டச் சக்கரம் சுழற்றும் அமெரிக்கர்கள். நாணயங்களை நிஜப் பணம் கொடுத்து வாங்குவார்கள். ஜெயித்தாலும் நாணயம்தான் கிடைக்கும்; ஒரு சென்ட்கூடத் திரும்பி வராது. அவர்களுக்கு அவள் பெயர் எமிலி.

அந்த நாற்பதில் ஒஹாயோவின் லொரெட்டா ஒருத்தியே பாதி வருமானம் தந்தாள்.

"உன் மகாராணி எழுந்தாச்சா?" என்றான் பக்கத்து மேசை மாத்தேய், எள் தூவிய கோவ்ரிக் ரொட்டி வளையத்தைக் கடித்தபடி. "அவ கோவிச்சுக்கிட்டா நமக்கெல்லாம் பட்டினிதான்."

மேலாளர் சோரின் ஆண்டறிக்கை வரைவோடு வந்தார்.

"பங்குதாரர்களுக்குச் சொல்ற ஆபத்துப் பக்கம் எழுதியாச்சு. 'எங்கள் வருமானம் மிகச் சிலரையே நம்பியிருக்கிறது. அவர்கள் நிறுத்தினால் பாதிப்பு வரலாம்.' லொரெட்டான்னு பேர் மட்டும்தான் போடல." சிரித்தார். "பத்திரமா பாத்துக்கம்மா. அவ போனா உங்க குழுவையே கலைச்சிடுவாங்க."

மூன்று மணிக்கு லொரெட்டாவின் செய்தி வந்தது.

"எமிலி, வீட்ட விக்கப் போட்டுட்டேன். பொண்ணு பேசறதில்ல. முடியலம்மா."

நிறுவன விதி இலின்காவுக்கு மனப்பாடம். கணக்கை மூடச் சொல்லி ஆட்டக்காரரே எழுதினால் மூடியாக வேண்டும். அலுப்பு, அழுகை, சாபம் எதுவும் செல்லாது; அவற்றுக்கு இலவச நாணயம் அனுப்ப வேண்டும். அனுப்பும் பொத்தான் திரையில் தயாராக இருந்தது.

அவள் அதைத் தொடவில்லை.

"லொரெட்டா, 'என் கணக்கை மூடு'ன்னு எழுதுங்க. அது போதும்."

பத்து நிமிடம் கழித்து அந்த மூன்று சொற்கள் வந்தன. இலின்கா மூடினாள்.

உரையாடல்கள் எல்லாம் பதிவாகும். மாலையில் சோரின் படித்துவிட்டார்.

"சொல்லிக் கொடுத்தியா?"

"அவங்களுக்கு வேண்டியதத்தான் சொன்னேன்."

"வெள்ளிக்கிழமையோட நீ போகலாம். அதுவரைக்கும் மத்தவங்களப் பாத்துக்க."

அன்றிரவு பல நாளைக்குப் பிறகு இலின்கா நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளி காலை அவள் பட்டியலில் ஒரு புதுப் பெயர் ஏறியிருந்தது. சேர்ந்து இரண்டு நாள். அதற்குள் தொள்ளாயிரம் டாலர். கீழே ஒரு செய்தி:

"எமிலி இருக்காளா? லொரெட்டாதான். வேற மின்னஞ்சல்ல வந்திருக்கேன். பேச்சுக்கு யாரும் இல்லம்மா."

அவள் தோளுக்கு மேலிருந்து சோரின் படித்தார். முகம் மலர்ந்தது.

"பழைய கணக்கு போனா என்ன? பணம் கட்டற புது ஆள் ஒண்ணு கூடியிருக்கு. வளர்ச்சின்னே காட்டலாம். நீ எங்கயும் போக வேணாம், இலின்கா."

"அவங்க மூடச் சொன்னாங்க, சோரின்."

"அது அந்தக் கணக்கு. இதுல சொல்லலியே."

நாற்காலி ஒன்றை இழுத்து அவளருகே உட்கார்ந்தார்.

"பதில் போடும்மா. நான் இங்கதான் இருக்கேன்."

இலின்கா தட்டினாள்: "இருக்கேன், லொரெட்டா."