மேசை நடுவே ஒரு கோடு

நாட்டை இரண்டாகப் பிரித்த எல்லை முள்வேலிக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷத் தூரத்தில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளியில், ஓவிய வாத்தியார் சோன் பியோங்-ஹா மாணவர்கள் வரைந்த பதினேழு புறாப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நாளைக்கு அமைதிக் கண்காட்சி, பரிசும் உண்டு. “உங்க சண்டையை வரைங்க, அப்புறம் சமாதானத்தை வரைங்க” என்று மூன்று வாரம் தொண்டை வறளக் கத்தியதற்குக் கிடைத்த பலன். ஒரு நிஜமான படமாவது வரும் என்று தலைமையாசிரியரிடம் மார்தட்டி வேறு இருந்தார்.

கடைசி மேசைக்குப் போனார். ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாமலிருந்த மாணவிகள் நா-ரியும் யூன்-பியும் ஒரே கிண்ணத்தில் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் ரெண்டு புறா.

“ஏம்மா, உங்க சண்டையை வரையலாம்ல?”

“வரைஞ்சோமே சார்,” என்றாள் நா-ரி. “திங்கக்கிழமை நீங்கதானே தேய்க்கச் சொன்னீங்க.”

சோனுக்குத் திங்கட்கிழமை பார்த்த மேசை நினைவுக்கு வந்தது. மேசை நடுவே கத்தியால் கீறிய இரண்டு கோடுகள். இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு யாருக்கும் சொந்தமில்லாத இடம். இந்தப் பக்கம் கீறி வரைந்த காவல் கூண்டு, அந்தப் பக்கம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை. எல்லை தாண்டிய ரப்பர்கள் பாதியாக வெட்டப்பட்டுக் கிடந்தன. இத்தனையையும் பார்த்துவிட்டு, பள்ளிச் சொத்து பாழாகிறது என்று உப்புத்தாளை நீட்டிய மகா கலைஞர் அவர்தான்.

இப்போது கத்தியை நீட்டினார். “இன்னொரு தடவை போடுங்கம்மா. ஆழமாவே போடுங்க.”

“இப்ப எப்படி சார்? தேய்க்கும்போதே பேசிட்டோம்.”

“யாரு முதல்ல பேசினது?”

“இவதான்,” என்று யூன்-பியைக் காட்டினாள் நா-ரி. “‘உன் பக்கம் இன்னும் போகலை, நல்லா தேய்’னா.”

“அது பேச்சில்ல சார், திட்டு,” என்றாள் யூன்-பி. இருவரும் சிரித்தார்கள்.

சோனுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைமேல் தாளை விரித்து, கரித்துண்டால் பரபரவென்று தேய்த்தார். ஒரு கீறலாவது எழும்பாதா? வெறும் சாம்பல் நிறம்தான் வந்தது.

“ஒரு கீறல்கூட இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் தடவித் தடவிப் பார்த்தீங்க,” என்றாள் நா-ரி.

அவர் அந்தச் சாம்பல் தாளையே புறாக்களுக்கு நடுவில் வைத்தார். கீழே வரைந்தவர் பெயராகத் தன் பெயரை எழுதினார்.

யூன்-பி அதைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தாள்.

“சார், மூலையில ஒரு புறா போட்டுடுங்க. இல்லாட்டி பரிசு வராது.”