கழுவிக் கவிழ்த்த தாழி

முத்துத்தாய் செங்கல் சுமையோடு ஏணியில் ஏறும்போதெல்லாம் கீழே நிற்கும் அன்னக்கொடிக்கு மூச்சு நின்றுபோகும். ஏறுகிறவளுக்கு ஒரு பயமும் இல்லை. கண்மாய்க் கரையில் குடத்தோடு ஏறிப் பழகிய கால். மூங்கிலை ஒரு கையால் தொட்டுக்கொண்டு போய்விடுவாள். ஆனால் கடைசிப் படியில் ஒரு கணம் நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று பார்ப்பாள். பழகிய சித்தாள் அப்படி நிற்கமாட்டாள். அந்த ஒரு கணத்தை மேஸ்திரி சேக் மைதீன் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அன்னக்கொடியின் பயம்.

தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்திய வருஷங்கள் அவை. வைகைக்கு வடக்கே புஞ்சையாகக் கிடந்த இடத்தில் ஒவ்வொன்றாகப் பங்களா எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வேலைகளுக்கு மேற்கேயிருந்து பெண்களைக் கூட்டிவந்து சேர்த்துவிடுவது அன்னக்கொடியின் பழக்கமாகிவிட்டிருந்தது. அதற்கென்று அவளுக்குத் தனியாக எதுவும் கிடைப்பதில்லை. செக்கானூரணிக்கு மேற்கே இருக்கிற தன் ஊருக்குப் போய்த் திரும்பும்போது யாராவது ஒருத்தி ரோடுவரை கூடவே நடந்து வருவாள். வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டாள். நடப்பாள், அவ்வளவுதான். அந்த நடையைப் பார்த்தபிறகு அவளை விட்டுவிட்டு வர அன்னக்கொடிக்கு மனசு வராது.

இந்தத் தடவை நடந்து வந்தவள் முத்துத்தாய், அன்னக்கொடியின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் கருத்தக்கண்ணன் கிணறு வெட்டப் போன இடத்தில் கல் சரிந்து இடுப்பில் விழுந்தது. படுத்தவன் இன்னும் எழவில்லை. இந்த வேலை நிலைத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும். நிலைக்காவிட்டால் என்ன என்பதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நிலைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. முத்துத்தாய்க்கு முன்னால் வந்த அழகம்மாள் சாரத்தில் நின்று தலைசுற்றிச் சாந்துச்சட்டியைக் கைநழுவ விட்டுவிட்டாள். கீழே நின்ற கொத்தனாரின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது சட்டி. அழகம்மாளை அன்றைக்கே அனுப்பிவிட்டு, சேக் மைதீன் அன்னக்கொடியிடம் சொன்னார்: "இன்னொரு புதுசைக் கொண்டாந்து நிறுத்துனே, அவளுக்கு முந்தி நீ போயிருவே. இது பள்ளிக்கூடமில்ல."

அதனால் முத்துத்தாயைக் கூட்டிவந்தபோது, "ஒத்தக்கடையில சத்திரம் கட்டுனப்ப முழுசா இருந்து வேலை பாத்தவ மேஸ்திரி" என்று சொல்லித்தான் சேர்த்தாள். அப்படிச் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. கூட்டிவந்த எல்லோரையுமே ஏதாவது ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லித்தான் சேர்த்திருக்கிறாள். வைகை மணலைக் கடந்து வரும்போது ஒவ்வொருத்திக்கும் அவள் சொல்லும் புத்தி ஒன்றுதான்.

"எதையும் கேக்காதீக மதினி. கேட்டா புதுசுன்னு தெரிஞ்சிரும். முன்னால போறவ என்னா செய்யிறாளோ அதைச் செய்யுங்க. வாய் மட்டும் மூடியிருக்கட்டும்."

"வாயத் தொறந்து எனக்கென்ன ஆகப்போகுது?" என்றாள் முத்துத்தாய்.

வாயைத் திறக்காமலே நாட்கள் போயின. மேல்தளத்துக்கு உத்தரங்கள் ஏறின. அவற்றின்மேல் செங்கலும் பரப்பியாகிவிட்டது. தளம் போட வியாழக்கிழமை நாள் நன்றாக இருக்கிறதென்று வக்கீல் குறித்துக் கொடுத்தார். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்கவேண்டிய வேலை. அதற்கு நிறைய ஆட்கள் வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆள் சொல்லிவரச் செல்லூருக்குக் கிளம்பிய அன்னக்கொடி, போகிற போக்கில் முத்துத்தாயிடம் சொன்னாள்.

"சட்டி பானையெல்லாம் கழுவிக் கவுத்திட்டு வாங்க மதினி. மேஸ்திரிக்குச் சுத்தம் வேணும்."

புதன்கிழமை காலையில் வேலிப்படலைத் திறந்து உள்ளே வந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டவை அந்த இரண்டு தாழிகள்தான். கொட்டகைக்குள் மூடிவைத்திருந்த பெரிய தாழிகள். இப்போது வெயில்படும் இடத்தில் வாய் கவிழ்ந்து கிடந்தன. மணல் போட்டுத் தேய்த்திருக்கவேண்டும். புதுசுபோலப் பளிச்சென்று இருந்தன. வேலியோரத்தில் ஈரம் காயாத தரையில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

அன்னக்கொடி தாழியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டுத்தான் தெரியவேண்டும் என்று இல்லை. கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு மேஸ்திரி தன் கையாலேயே கிண்டி, நாள்கணக்காக ஊறவைத்த தளத்துத் தண்ணீர் முழுக்க அந்த ஈரத்தில் போயிருந்தது.

"ஊசிப்போயிருந்துச்சு அன்னக்கொடி" என்றாள் பின்னால் வந்து நின்ற முத்துத்தாய். முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு. "நொரை பொங்கி ஒரே நாத்தம். எந்தச் சோம்பேறி இப்புடி மூடிவச்சான்னு தெரியல. தேச்சுத் தேச்சு எங் கை ஓஞ்சுபோச்சு."

அன்னக்கொடி தாழியின்மேலிருந்து கையை எடுத்தாள். முத்துத்தாயின் முகத்திலிருந்து அந்த நிறைவு மெல்ல வடிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கொட்டக் கூடாதா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மதினி?"

"நீதானத்தா கேக்காதேன்ன."

வேலிக்கு வெளியே ஒரு ஜட்கா போனது. மேஸ்திரி இன்னும் வரவில்லை. வர எவ்வளவு நேரமாகும் என்றும் தெரியவில்லை. அன்னக்கொடியின் மனசு மூலைக்கு மூலை ஓடியது. கருப்பட்டி வாங்கிக் கரைத்துவிடலாம். கடுக்காய் கொட்டகையில் இருக்கிறது, நசுக்கிப் போட்டுவிடலாம். வாடைக்கு? தூக்குச்சட்டியில் கொண்டுவந்த நீராகாரத்தை ஊற்றினால் புளித்த வாடை வந்துவிடும். மூடிவைத்துவிட்டால் நாளைக்குத் தளம் அடிக்கிற அவசரத்தில் யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

இதைச் சொன்னபோது முத்துத்தாய் சிறிது நேரம் தாழிகளையே பார்த்தாள்.

"அப்புடி ஊத்துனா மச்சு ஒழுகாதா?"

"நமக்கென்ன மதினி?"

"இல்ல, அந்தத் தண்ணிய எதுக்குத்தேன் ஊத்துறாக?"

அன்னக்கொடி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஐந்து வருஷமாக எத்தனையோ தளத்தில் அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்திருக்கிறாள். முன்னால் இருந்தவள் தெளித்தாள், அவளும் தெளித்தாள். எதற்கு என்றோ, புளிக்காவிட்டால் என்ன ஆகும் என்றோ ஒருநாளும் கேட்டதில்லை. தன் வாயை மூடிவைத்தே இவ்வளவு காலம் காப்பாற்றிக்கொண்ட வேலை இது. அதற்குள் இவ்வளவு பெரிய பொட்டல் கிடக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

படல் திறக்கும் சத்தம் கேட்டது. சேக் மைதீன் உள்ளே வந்து, தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"மதினி, இருங்க" என்றாள் அன்னக்கொடி. அதற்குள் முத்துத்தாய் நடந்துவிட்டாள்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்."

சித்தாள் எவளும் அவரிடம் அப்படிப் பேச்சை ஆரம்பித்ததில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா?"

"அந்தத் தாழில இருந்த தண்ணி எதுக்கு?"

"இருந்த தண்ணியா?"

"கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக் கொட்டிட்டேன். நாந்தேன் கொட்டுனேன். வேற யாருக்கும் தெரியாது."

சேக் மைதீன் தாழிகளிடம் போனார். ஒன்றை நிமிர்த்தி உள்ளே கைவிட்டுத் தடவினார். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கத்துவார் என்று அன்னக்கொடி காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஒத்தக்கடைச் சத்திரத்துல தளத்துக்கு என்னாத்த ஊத்துனாக? பதநீரா?"

முத்துத்தாய் தரையைப் பார்த்தாள். ஒருமுறைகூட அவள் கண் அன்னக்கொடி பக்கம் திரும்பவில்லை. பொய் சொன்னவளைக் காட்டிக்கொடுக்காமல், தன் தலையில் விழட்டும் என்று நிற்கிறாள். அண்ணன் பாயில் கிடக்கிற வீட்டை விட்டுவிட்டு வந்து இங்கே இப்படி நிற்கிறாள்.

"அவுக ஒத்தக்கடைக்கே போனதில்ல மேஸ்திரி" என்றாள் அன்னக்கொடி. "நாந்தேன் அப்புடிச் சொன்னேன்."

"இவளுக்கு முந்தி வந்தவளுக?"

அன்னக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிதேன். இம்புட்டு நாளும் நான் களையெடுக்க வந்தவளுகள வச்சுத்தேன் மாடி கட்டியிருக்கேன்." அவர் தாழியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். "நீ சொல்லு. வருசக்கணக்கா ஊத்துறியே, எதுக்கு அது?"

வடக்கேயிருந்து காற்று வந்து சுண்ணாம்புப் பொடியைக் கிளப்பியது. அன்னக்கொடி கண்ணை மூடித் திறந்தாள்.

"உனக்கும் தெரியாது." அவர் முத்துத்தாயிடம் திரும்பினார். "சுண்ணாம்பைக் கட்டிப் பிடிக்கிறது அந்தத் தண்ணி. வெடிப்பு விடாது, ஈரம் கீழ எறங்காது. கடுக்காய் ஊறணும், கருப்பட்டி புளிச்சுப் பொங்கணும். இன்னைக்குக் கரைச்சு நாளைக்கு ஊத்துனா எறும்புதேன் வரும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு. இப்ப என்னா செய்யிறது?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "கோரிப்பாளையத்துல எம் மச்சான் இஸ்மாயில் ஒரு வீட்டுக்குத் தண்ணி ஊறப் போட்டிருக்கான். சண்டை போட்டு, அவன் மூஞ்சியில முழிச்சு ரெண்டு நோம்பு ஆச்சு." எழுந்து துண்டைத் தலையில் கட்டினார். "நான் போயிக் கை நீட்டணும். தளம் முடியட்டும். அப்புறம் பேசிக்கிருவோம் உங்க ரெண்டு பேரு சங்கதிய."

மத்தியானத்துக்கு மேல் ஒரு மாட்டு வண்டியில் இரண்டு தாழிகளோடு திரும்பி வந்தார். மச்சான் என்ன சொன்னார், இவர் என்ன கேட்டார் என்று அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் தளம் விழுந்தது. பெண்கள் நெருக்கமாகக் குந்தி உட்கார்ந்து, கட்டை ஒன்றாக உயர்ந்து ஒன்றாகத் தாழ, அடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். செல்லூர்ப் பெண் ஒருத்தி பாட்டெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். அன்னக்கொடி பாடவில்லை. பக்கத்தில் முத்துத்தாய் கேட்டுக்கொண்டேயிருந்தாள். இம்புட்டு ஈரம் போதுமா மேஸ்திரி? எப்ப நிறுத்தணும்? கட்டை திருப்பி அடிக்குதே, அது சரியா?

"தொணதொணக்காத. கட்டை தானா எழும்பித் துள்ளணும். அதுவரைக்கும் அடி" என்றார் சேக் மைதீன். எரிச்சலோடுதான் சொன்னார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொன்னார். வரிசையில் இருந்த மற்றப் பெண்களின் கைகள் அவர் பேசும்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாவதை அன்னக்கொடி கவனித்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெயில் சாய்ந்து, மில் சங்கு ஊதியது. கூலி வாங்க வரிசையாக நின்றார்கள்.

கூலி வாங்கும் நேரத்துக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. நாளைக்கு வரட்டுமா என்று எந்தச் சித்தாளும் கேட்கமாட்டாள். வராதே என்று மேஸ்திரி சொல்லாவிட்டால் வரலாம். அதனால் காசு கையில் விழுந்ததும், அவர் வாய் திறப்பதற்குள் படலைத் தாண்டிவிடவேண்டும். கேட்டு நின்றால் அவருக்கு வேண்டாம் என்கிற யோசனை வந்துவிடும்.

முத்துத்தாய் காசை வாங்கி முந்தியில் முடிந்தாள். நகரவில்லை.

"நாளைக்கு வரவா மேஸ்திரி?"

வரிசை அப்படியே உறைந்தது. கருத்தக்கண்ணன் பாயில் ஒருக்களித்துக் கிடந்து வாசலைப் பார்க்கிற பார்வை அன்னக்கொடியின் கண்ணுக்குள் வந்தது. சேக் மைதீன் முத்துத்தாயைப் பார்த்தார், தலைக்கு மேலே ஈரத்தோடு இருந்த தளத்தைப் பார்த்தார்.

"வா" என்றார். "இஸ்மாயிலுக்குத் தண்ணி திருப்பிக் கொடுக்கணும். கடுக்காய் நசுக்குறதுலேருந்து உம் பொறுப்பு. நாறுதுன்னு மறுபடி கொட்டுனே…"

"கொட்டமாட்டேன். நாறலைன்னாத்தேன் வந்து சொல்லுவேன்."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள்.

அடுத்தது அன்னக்கொடி. காசைக் கையில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து தன் சாந்துக் கரண்டிகளைத் துடைக்கத் தொடங்கினார். எப்போதும்போல நழுவிவிடலாம். காலையில் எப்போதும்போல வந்து நின்றுகொள்ளலாம். ஆனால் பேசிக்கொள்வோம் என்று சொன்னவர் இன்னும் பேசவில்லை. இப்படி எத்தனை நாள் நழுவுவது? முத்துத்தாய் படலருகே நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரிலிருந்து ரோடுவரை கூடவே நடந்து வந்த பெண்கள் ஏன் ஒன்றும் கேட்காமல் நடந்தார்கள் என்று இப்போது அன்னக்கொடிக்குத் தெரிந்தது.

"மேஸ்திரி… நான்?"

அவர் நிமிரவில்லை. கரண்டியின் விளிம்பில் காய்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார்.

"நாளைக்கு வந்து கேளு" என்றார்.

அவர் இன்னும் ஏதாவது சொல்வாரா என்று அன்னக்கொடி சிறிது நேரம் நின்றாள். பின்னால் நின்றவள் காசுக்குக் கை நீட்டினாள். அன்னக்கொடி விலகி நடந்தாள்.