வலைக்குள் வளர்ந்த கீரை

உறைபனி கொட்டியிருந்த சனிக்கிழமை காலையில் வீப்கே கத்தியும் கூடையுமாகச் சோதனை வயலுக்குள் இறங்கினாள். லேர் நகரத்து விதை நிறுவனத்தில் கீரை ரகங்களை உருவாக்குவதுதான் அவள் வேலை. மதியம் ஊர்க்காரர்கள் குளிர்கால வழக்கப்படி தெருவில் பந்து உருட்டியபடி நடந்துபோய், விடுதியில் கேல் என்ற சுருள் இலைக் கீரை விருந்து சாப்பிடுவார்கள்.

அவள் கணவன் ஹார்ம் அந்த விருந்தில் கீரையைத் தொட்டுப் பல வருஷமாகிவிட்டது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவனுக்குக் கீரையிலுள்ள பொட்டாசியம் விஷம் மாதிரி; இதயத்தையே நிறுத்திவிடும். அவனுக்காகவே பொட்டாசியம் குறைந்த கேல் ரகம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தாள் வீப்கே. சோதனைக்கூடம் ஒவ்வொரு குளிர்காலமும் நல்ல முடிவையே சொன்னது. இன்று விருந்தில் ஹார்முக்கு ஒரு கரண்டி கீரை. உணவு ஆலோசகரே ஒப்புக்கொண்டுவிட்டார். அங்கேயே புது ரகத்துக்கு 'ஹார்ம்' என்று பெயர் சூட்டப்போவதாக முதலாளி ஓன்கென் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

கொட்டகை ஓரம், புறாக்களுக்குப் பயந்து போட்ட வலைக்குள் அவள் செடிகள் நின்றன. இலை ஒடிக்கக் குனிந்தவளின் கை நின்றது.

வரிசைக் கடைசியில், எப்போதோ சிந்திய விதையிலிருந்து ஒரு சாதாரண கேல் முளைத்திருந்தது. அதன் அடி இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது. அவளுடைய செடிகளிலும் அதே கருகல். பனி சுட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பனி சுட்டால் மேல் இலையல்லவா முதலில் போகும்? அடி இலையின் ஓரம் கருகுவது மண்ணில் பொட்டாசியம் இல்லாததன் அடையாளம்.

பையிலிருந்த சின்ன அளவுமானியை எடுத்தாள். சாதாரணச் செடியின் இலைக்காம்பைக் கசக்கிச் சாறு விட்டாள். பொட்டாசியம், அவளுடைய ரகத்தில் இருந்த அளவுதான்.

மிஞ்சிய நாற்றுகளை வாய்க்காலுக்கு அப்பால் எருக்குழி ஓரம் நட்டது நினைவுக்கு வந்தது. ஓடினாள். அங்கே அவள் ரகம் கரும்பச்சையாகச் செழித்து நின்றது. சாறு விட்டாள். எண் பல மடங்கு ஏறியது.

கொட்டகை ஓரத்தில் முன்பு பழைய தொழுவம் இருந்தது. அதை இடித்த பள்ளத்தை மணலால்தான் நிரப்பியிருந்தார்கள். அந்த மண்ணில் சத்து கிடையாது. எந்த ரகத்தையும் வயலில் பல இடங்களில் கலைத்து நடவேண்டும் என்பது தொழிலின் முதல் விதி. மற்ற ரகங்களை எல்லாம் அவள் அப்படித்தான் நட்டாள். ஹார்மின் செடியை மட்டும் புறா தின்றுவிடக் கூடாதே என்று, வருஷா வருஷம் வலைக்குள்ளேயே பொத்தி வளர்த்தாள். இத்தனை காலம் அவள் தேர்ந்தெடுத்தது மண்ணைத்தான், விதையை அல்ல.

வலைக்குள்ளிருந்த தன் செடிகளையும் அளந்துவிட்டு, அவற்றாலேயே கூடையை நிரப்பிக்கொண்டு திரும்பினாள்.

விடுதியில் ஒரே கூச்சல். விருந்துதோறும் ஒருவரைக் 'கீரை ராஜா' ஆக்குவது வழக்கம்; இம்முறை ஹார்மின் தலையில் யாரோ அந்தத் தகரக் கிரீடத்தைக் கவிழ்த்திருந்தார்கள்.

"என்னடா ராஜா, கிரீடம் காது மேல நிக்குது? தலை சின்னதா போச்சா?" என்றான் ஒரு நண்பன்.

"எனக்குக் காதோட நின்னுச்சு. மூளை இல்லாத உன் தலைன்னா கழுத்து வரைக்கும் இறங்கியிருக்கும்டா!" என்றான் ஹார்ம்.

இருமுறை வேகவைத்து நீர் வடித்த கீரையை அவன் முன் வைத்தாள் வீப்கே. ஓன்கென் கோப்பையோடு எழுந்தார்.

"சார், உட்காருங்க. பேர் வைக்க வேண்டாம்" என்றாள். "அப்படி ஒரு ரகமே கிடையாது. நல்ல மண்ணுல நட்டா இதுவும் சாதாரணக் கீரைதான்."

காலையில் பார்த்ததைச் சொன்னாள். சிரிப்பு அடங்கியது.

"இத்தனை வருஷம் ஒரே மூலையிலயா நட்டே? நீயா?" ஓன்கெனின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஆமா சார். நான்தான்."

ஹார்ம் கிரீடத்தைக் கழற்றினான்.

"இந்தத் தட்டுல இருக்கிறது?"

"இதை நீ சாப்பிடலாம். மணல்ல வளர்ந்தது, அளந்தும் பார்த்துட்டேன். விதையைத்தான் யாருக்கும் தர முடியாது."

அவன் முள்கரண்டியைக் கையில் எடுத்தான்.

"ஆஸ்பத்திரியில பக்கத்து நாற்காலி ஃபோல்கெர்ட்டுக்கு முதல் விதைப் பொட்டலம் தர்றேன்னு சொல்லியிருந்தேன். டயாலிசிஸ் நடக்கிற நேரம் பூரா இதே பேச்சுதான். வசந்தத்துக்குப் பாத்திகூட வெட்டி வச்சுட்டான். அவன் தோட்டம் பூராவும் கொழுத்த களிமண்ணு, வீப்கே."

அந்த மண்ணில் விளைந்ததை நம்பித் தின்றால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

ஹார்ம் ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றான். கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"உப்பு கம்மி" என்றான்.

"உனக்கு அவ்வளவுதான்."

தட்டைக் காலி செய்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நீயும் வா. ஃபோல்கெர்ட்கிட்ட நான் பேச்சை எடுக்கிறேன். மிச்சத்தை நீ சொல்லு. என்னால முழுசா சொல்ல முடியாது."

"வர்றேன்" என்றாள் வீப்கே.