குளியலறைத் தட்டில் அண்ணியின் பக்கம்

...ஆனால் பாதி என்று எதை வைத்துச் சொல்வது, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் முக்கால் போலத் தெரிகிறது, நேராக வைத்தால் கால்வாசிகூட இல்லை, உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதைச் சேர்ப்பதா வேண்டாமா, நோட்டில் 'ஷாம்பு, ரோஸ் நிறம், ஏறக்குறைய பாதி' என்று எழுதினேன், 'ஏறக்குறைய'வை அடித்தேன், மறுபடி எழுதினேன். காலையில் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "பாத்ரூம்ல அவ சாமான் எல்லாத்தையும் எடுத்துடு. நான் வரும்போது அங்க எதுவும் இருக்கக் கூடாது" என்றான். எடுத்துடு என்றால்? குப்பையில் போடுவதா, கட்டிப் பரணில் வைப்பதா, அண்ணிக்கே அனுப்புவதா? கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. திரும்பி வருவாரா என்று இந்த வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை, இப்போது அந்தக் கேள்வியை என் கையில் கொடுத்துவிட்டு அவன் பாட்டுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கிறான். நான் தூக்கிப் போட்ட மறுநாள் அவர் வந்து நின்றால்? போடாமல் ஒளித்து வைத்து, அது அவன் கண்ணில் பட்டால்?

மொத்தம் பதினொன்று. இரண்டு தடவை எண்ணினேன், ஒரு தடவை பன்னிரண்டு வந்தது, அது என்னுடைய சீப்பு. ஷாம்பு, கண்டிஷனர், முகம் கழுவும் ஜெல், கால் வெடிப்பு கிரீம், முக்கால் தீர்ந்த பவுடர் டப்பா, மூடி தொலைந்து பிளாஸ்டிக் தாளைச் சுற்றிய ஏதோ ஒன்று... மாலை வகுப்பில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்குப் படிக்கிறேன், முதல் நாள் பாடமே, பெயர் ஒட்டாத பாட்டிலை மோந்து பார்க்காதே, தொட்டியில் ஊற்றாதே, ஒன்றோடு ஒன்றைக் கலக்காதே என்பதுதான், ஆனால் மோந்து பார்த்துவிட்டேன், அண்ணி உள்ளே குளித்துக்கொண்டிருப்பது போல இருந்தது, சட்டென்று தாளைத் திரும்பச் சுற்றிவிட்டேன். பெண்கள் இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று தோன்றி போன் செய்தேன், அங்கே ஒரு அம்மா, "பிரிச்சதெல்லாம் வாங்க மாட்டோம்மா, பிரிக்காதது இருந்தா கொண்டா" என்றார், குரலில் கோபம் இல்லை, ஆனாலும் எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் அம்மா கூடத்திலிருந்தே, "எவ்ளோ நேரம்டி உள்ள? சோப்பு டப்பாவை வச்சு ஆராய்ச்சியா பண்ற?" என்று கத்தினாள். என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "உன் தலையில தேய்ச்சுத் தீர்த்துடு, ஒரு வாரத்துல காலியாயிடும்" என்றாள், கொஞ்சம் பொறுத்து, கொஞ்சம் தணிவாக, "வேணாம், விடு. வச்சிரு. இல்ல... உங்க அண்ணன் என்ன சொன்னானோ அதைச் செய்" என்றாள். மூன்று பதில். எதை எழுதிக்கொள்வது?

சரி, முதலில் தட்டைத் துடைப்போம் என்று கடைசிப் பாட்டிலையும் எடுத்தபோதுதான் அந்த டேப்பைப் பார்த்தேன். வெள்ளை டேப், ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது, அதில் என் கையெழுத்தில் 'அண்ணி', பக்கத்தில் வலது பக்கமாக ஒரு அம்புக்குறி. கல்யாணமான வாரம் நான்தான் ஒட்டினேன். புதிதாக வருபவருக்குத் தனி இடம் வேண்டும், யாரிடமும் கேட்டுக் கூச்சப்பட வேண்டாம் என்று... நல்ல எண்ணத்தில்தானே? அப்போது அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு சின்னப் பை, அதற்கு ஸ்கேல் வைத்து அளந்தேன், பதினான்கு சென்டிமீட்டர். தட்டு மொத்தம் தொண்ணூறு. இரண்டரை வருஷம். இடது பக்கம் என் கிரீம், அம்மாவின் தைலம், அண்ணனின் ரேசர் எல்லாம் காலை நீட்டிப் படுத்திருக்க, அண்ணி பாட்டிலின் மேல் பாட்டில் அடுக்கியிருக்கிறார், ஜெல்லைத் தலைகீழாகச் செருகி, பவுடரின் தலையில் கிரீமை ஏற்றி, ஒன்றைக்கூட டேப்புக்கு இந்தப் பக்கம் வைக்கவில்லை. "அண்ணி, அடுக்குமாடி கட்டுறீங்களா?" என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவர் சிரித்தார். சிரித்தாரா? கண்ணாடி முன்னால் பல் விளக்கிக்கொண்டிருந்தார், வாயில் நுரை இருந்தது, சிரித்தது போலத்தான் இருந்தது... டேப்பை நான் ஏன் அப்புறம் எடுக்கவில்லை? மறந்துவிட்டேன். அதுதான் உண்மையா, இல்லை, ஒழுங்காக இருக்கிறதே என்று உள்ளுக்குள் பிடித்திருந்ததா? நகத்தால் சுரண்டினேன், பாதி வந்தது, அம்புக்குறி மட்டும் வரவில்லை.

அண்ணிக்கு போன் செய்தபோது, வருவீங்களா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், வந்தது என்னவோ, "அண்ணி, உங்க ஷாம்பு பாதி இருக்கு" என்பதுதான். "உங்க அண்ணன் எடுக்கச் சொன்னாரா?" என்றார். நான் உம் என்றேனா இல்லை என்றேனா, இப்போது நினைவில்லை. "சரி, என்னென்ன இருக்கு, படி" என்றார். படித்தேன், பதினொன்றையும், வகுப்பில் வருகைப் பதிவேடு படிக்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார். "ஷாம்புவை நீ போட்டுக்கோ, உன் முடிக்கு ஒத்துக்கும். கிரீமை அத்தைக்குக் கொடு, குதிகால்ல தடவச் சொல்லு, மறந்துடுவாங்க, நீ ஞாபகப்படுத்து. ஜெல் வேணாம், பழசு, தூக்கிப் போடு." எல்லாவற்றையும் பங்கு பிரித்துவிட்டார். உங்களுக்கு எதுவுமே வேண்டாமா என்று கேட்டேன், "எனக்கென்னம்மா, இங்க எல்லாம் இருக்கு" என்றார். "அண்ணி, அந்த டேப்..." என்று ஆரம்பித்தேன். "எந்த டேப்?" என்றார். உண்மையிலேயே தெரியாதது போலக் கேட்டாரா, தெரிந்தும் எனக்காகக் கேட்டாரா? "ஒண்ணுமில்ல, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று நானேதான் வைத்தேன். நேரமாகவில்லை, இன்னும் அரை மணி இருந்தது. ஆக, அவர் வரப்போவதில்லை. வருகிறவர் ஷாம்புவைக் கொடுத்துவிடுவாரா? எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன், முடிச்சுப் போடத்தான் கை வரவில்லை.

அண்ணன் வந்ததும் ஷூவைக் கழற்றாமலே குளியலறை வாசலில் வந்து நின்றான். காலித் தட்டைப் பார்த்தான், பையைப் பார்த்தான். நல்லவேளை, ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று நினைத்தேன். குனிந்து பைக்குள் கையை விட்டுத் துழாவினான், பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. "இதுல என்னோடது ஒண்ணு இருந்திருக்கணுமே" என்றான், "ஷேவ் பண்ணிட்டுத் தடவுற லோஷன். நீலப் பாட்டில். பாதிக்கு மேல இருந்தது. ஒரு மாசத்துக்கு மேலா காணோம், அவ சாமானோட கலந்திருக்கும்னு நினைச்சேன்." இல்லை என்றேன். "நல்லாப் பார்த்தியா?" நோட்டைக் காட்டினேன், பதினொன்று, வரிசை எண் போட்டு. அதில் நீலமே இல்லை. "போகட்டும், புதுசு வாங்கிக்கிறேன்" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனான், போனவன் நின்று, "அவ கிட்ட பேசினியா?" என்றான், நான் வாயைத் திறப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. நான் வகுப்புக்குப் போகவில்லை. பையின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன். அவனுடைய லோஷன் எப்போதும் தட்டின் இடது கோடியில், ரேசருக்குப் பின்னால்தான் இருக்கும். இரண்டரை வருஷத்தில் ஒரு விரல் அளவுகூட அந்தப் பக்கம் போகாத அண்ணியின் கை, கிளம்புகிற அவசரத்தில் தன்னுடைய பதினொன்றையும் விட்டுவிட்டு, அவ்வளவு தூரம் நீண்டு, அந்த நீலப் பாட்டிலை மட்டும்... தவறுதலாகவா? போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நானும் கேட்கவில்லை, எனக்கு எப்படித் தெரியும், மிச்சம் இருப்பதைத்தானே இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். இதை இப்போது அவனிடம் சொல்வதா, கூடாதா?